புதைபடிவமாதல்: பொருளும் வழக்கும்

இறந்த உயிரின் உடலோ, உடலின் ஒரு பகுதியோ, அது விட்டுச்சென்ற தடமோ மண்ணில் புதையுண்டு, சிதைந்து மறையாமல் நெடுங்காலம் நிலைபெறுவது புதைபடிவமாதல் எனப்படும். எலும்பு, பல், சிப்பி ஓடு, மரத்தண்டு, இலை, மகரந்தத் துகள் போன்றவை உடற்படிவங்கள். காலடித் தடம், வளை, புழு ஊர்ந்த கோடு, கல்லாகிப்போன சாணம் போன்றவை தடப்படிவங்கள். தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலின்மீது சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு நிமிர்ந்து நடந்துபோன மனித மூதாதையரின் காலடிகள் இரண்டாம் வகைக்குப் புகழ்பெற்ற சான்று. அந்தத் தடங்களில் உடலின் துணுக்கு ஒன்றுகூட இல்லை; நடை மட்டும் பதிவாகியிருக்கிறது.

பொதுவாக 10,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எச்சங்களையே புதைபடிவம் என்பது வழக்கம். இந்த எல்லை ஆய்வாளர்கள் வசதிக்காக வகுத்துக்கொண்டது. அந்த ஆண்டைக் கடந்ததும் எலும்பில் புதிய மாற்றம் எதுவும் தொடங்கிவிடுவதில்லை. அதனினும் பிந்திய எச்சங்களை அரைப்படிவங்கள் என்று தனியே பிரிப்பதுண்டு.

‘கல்லாவது’ என்று இச்சொல்லுக்குச் சுருக்கமாகப் பொருள் சொல்வதுண்டு. அது முழுமையான விளக்கம் அல்ல. கல்லாகாத புதைபடிவங்களும் உண்டு. கல்லானவற்றிலும், கல்லானது எது, கரைந்தது எது, எஞ்சியது எது என்ற விடை படிவத்துக்குப் படிவம் வேறுபடும். பேச்சு வழக்கில் ‘மாறாமல் உறைந்துபோதல்’ என்ற பொருளில் இச்சொல் ஆளப்படும்போது, அறிவியல் பொருளிலிருந்து அது வெகுவாக விலகிவிடுகிறது. ஏனெனில், பல புதைபடிவங்களில் நிலைப்பது வடிவம் மட்டுமே. பொருள் ஏறக்குறைய முழுவதும் மாறிவிடுகிறது.

சொல்லின் வரலாறு

ஐரோப்பிய மொழிகளில் புதைபடிவத்தைக் குறிக்கும் ‘ஃபாசில்’ என்ற சொல், ‘தோண்டி எடுக்கப்பட்டது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் அதற்கும் உயிருக்கும் தொடர்பு இல்லை. ஜெர்மானிய அறிஞர் கியோர்கியுஸ் அக்ரிகோலா 1546இல் இந்தப் பெயர் தாங்கி வெளியிட்ட நூல் பெரும்பாலும் கனிமங்களையும் மணிக்கற்களையும் பற்றியது. மண்ணைத் தோண்டிக் கிடைத்தது எதுவானாலும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியது. சிப்பி வடிவக் கற்கள் உண்மையில் சிப்பிகளாக இருந்தவையா, நிலத்தின் ஏதோ ஓர் ஆற்றலால் தாமே அப்படி உருவானவையா என்பது அன்று தீராத வழக்கு.

அதைத் தீர்த்துவைத்தவர்களுள் இருவர் முதன்மையானவர்கள். ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’வில், கல்லாகிய மரத்துண்டை நுண்ணோக்கியில் வைத்துச் சாதாரண மரத்தோடும் கரியோடும் ஒப்பிட்டார். நுண்துளைகள் ஒத்திருப்பதைக் கண்டு, கனிமம் கரைந்த நீர் மரத்துக்குள் ஊறியதாலேயே அது கல்லாயிற்று என்று முடிவு செய்தார். நிக்கோலஸ் ஸ்டீனோ 1666இல் இத்தாலியில் பிடிபட்ட பெரிய சுறா ஒன்றின் தலையை அறுத்து ஆராய்ந்தார். ‘நாக்குக் கற்கள்’ என்று மக்கள் நம்பிவந்தவை சுறாப் பற்களே எனக் காட்டினார். 1669இல் வெளிவந்த அவருடைய நூல், திடப்பொருளுக்குள் இன்னொரு திடப்பொருள் எவ்வாறு அடங்கியது என்ற கேள்வியை எழுப்பி, வண்டல் அடுக்கடுக்காகப் படிவதற்கான விதிகளையும் வகுத்தது. அதன்பின் சொல்லின் பொருள் மெல்லக் குறுகி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிரின் எச்சம் என்ற இன்றைய எல்லைக்குள் வந்து நின்றது.

தமிழில் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் வழங்குகின்றன. ‘புதைபடிவம்’ புதையுண்டு படிந்ததைச் சுட்டுகிறது. ‘தொல்லுயிர் எச்சம்’ எஞ்சியிருப்பதைச் சுட்டுகிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘உயிர்ச்சுவடு’ தடத்தைச் சுட்டுகிறது. தமிழ்நாட்டில் ‘புதைபடிவ எரிபொருள்’ எனப்படும் நிலக்கரியும் பெட்ரோலியமும் இலங்கைப் பாடநூல்களில் ‘உயிர்ச்சுவட்டு எரிபொருள்’ ஆகின்றன. கல்லான மரத்துக்கு மட்டும் ‘கல்மரம்’ என்ற எளிய பெயர் நிலைத்துவிட்டது.

மரணம் முதல் பாறை வரை

ஓர் உயிர் இறந்தது முதல் படிவமாகும் வரை நிகழ்வனவற்றை ஆராயும் துறையைத் தனியாக வரையறுத்தவர் சோவியத் தொல்லுயிரியலர் இவான் யெஃப்ரேமோவ். அறிவியல் புனைகதை எழுத்தாளராகவும் அறியப்பட்ட இவர் 1940இல் இத்துறைக்கு ‘டஃபோனமி’ என்று பெயரிட்டார். ‘புதைவின் விதிகள்’ என்பது அதன் பொருள்.

இயற்கையின் பொது விதி அழிவுதான். இறந்த உடலைப் பிற விலங்குகள் தின்கின்றன; பாக்டீரியாவும் பூஞ்சையும் மட்கச் செய்கின்றன; வெயிலும் மழையும் எலும்பை வெடிக்க வைக்கின்றன. இந்த வரிசையிலிருந்து ஓர் உடல் தப்பவேண்டுமானால் விரைவில் புதையவேண்டும். ஆக்சிஜன் குறைந்த சூழல் அமையவேண்டும். ஆற்று வெள்ளம் கொட்டும் வண்டல், கடலடிச் சேறு, எரிமலைச் சாம்பல், ஏரியின் அடிமண் ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள். மலை உச்சியிலும் வெப்பமண்டலக் காட்டின் அமிலத் தரையிலும் இறப்பவற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. புதைபடிவப் பதிவில் கடலின் ஓட்டுடலிகள் மலிந்திருப்பதற்கும் பறவைகளும் பூச்சிகளும் அரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம். அன்று எவை மிகுதியாக வாழ்ந்தன என்பதை இப்பதிவு நேராகச் சொல்வதில்லை. எவை புதையும் இடத்தில் வாழ்ந்தன, எவற்றுக்குக் கடினமான உறுப்புகள் இருந்தன என்பதும் அதில் கலந்தே வருகிறது.

அழுகலும் கண்டபடி நிகழ்வதில்லை. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகெலும்பிகளின் மிகப் பழைய உறவினங்களை ஒத்த ஆம்ஃபியாக்சஸையும் லாம்ப்ரேயின் இளம் உயிர்களையும் ஆய்வுக்கூடத்தில் அழுகவிட்டுக் கவனித்து, முடிவுகளை 2010இல் வெளியிட்டனர். பரிணாமத்தில் பிந்தித் தோன்றிய சிறப்புக் கூறுகள் முதலில் அழிந்தன. பழைய பொதுக் கூறுகள் கடைசிவரை நின்றன. பாதி அழுகிப் படிவமான மீன், உண்மையில் இருந்ததைவிடப் பழமையான உயிரைப் போலத் தோன்றும் என்பது இதன் பொருள். படிவத்தில் ஓர் உறுப்பு காணப்படாவிட்டால், அந்த உயிருக்கு அது இல்லை என்று உடனே முடிவுகட்ட முடியாது.

நிலைபெறும் வழிகள்

புதையுண்டபின் நிகழும் வேதி மாற்றங்கள் பல வகைப்படும். ஒரே படிவத்தில் இரண்டு மூன்று வழிகள் சேர்ந்து செயல்படுவதும் உண்டு.

முதலாவது கனிம ஊடுருவல். எலும்பிலும் மரத்திலும் உள்ள நுண்வெற்றிடங்களுக்குள் நிலத்தடி நீர் புகுந்து, கரைந்திருக்கும் சிலிக்காவையோ கால்சைட்டையோ அங்கே படியவைக்கிறது. உயிரணுச் சுவர் இருந்த இடத்திலேயே இருக்க, உள்ளறை கனிமத்தால் நிரம்புகிறது. டைனோசர் எலும்புகளின் எடைக்கு இதுவே காரணம். இதற்கு எப்போதும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேவை என்பதில்லை. ஜப்பானின் தாத்தேயாமா பகுதியில் சிலிக்கா நிறைந்த வெந்நீரில் கிடந்த மரத்துண்டுகள் 7 ஆண்டுகளுக்குள்ளேயே கணிசமாகச் சிலிக்கா ஏறியிருந்ததை 2004இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. படிவமாகும் வேகம் வேறு, படிவத்தின் வயது வேறு.

இரண்டாவது பதிலீடு. மூலப்பொருள் கரைந்து வெளியேறும்போதே வேறு கனிமம் அந்த இடத்தைப் பிடிக்கிறது. ஓட்டின் சுண்ணாம்புப் பொருள் போய்ச் சிலிக்காவோ, பொன்போல் மின்னும் இரும்பு சல்பைடான பைரைட்டோ வருகிறது. மூன்றாவது மறுபடிகமாதல். இதில் வேதிப் பொருள் மாறுவதில்லை. படிக அமைப்பு மட்டும் மாறுகிறது. பல சிப்பிகளின் ஓட்டில் உள்ள அரகோனைட், காலப்போக்கில் அதைவிட நிலையான கால்சைட்டாகிறது. புற வடிவம் தங்கினாலும் ஓட்டின் நுண்ணடுக்குகள் இதில் மறைந்துவிடுகின்றன.

நான்காவது அச்சும் வார்ப்பும். ஓடு முற்றிலும் கரைந்துபோனபின் சுற்றியிருந்த சேறு கெட்டிப்பட்டு அதன் பதிவை வைத்திருந்தால் அது அச்சு. அந்தக் குழிவு மீண்டும் மண்ணாலோ கனிமத்தாலோ நிரம்பினால் அது வார்ப்பு. வைணவ வழிபாட்டில் திருமாலாகப் போற்றப்படும் சாளக்கிராமக் கற்கள் பலவற்றில் இதைக் காணலாம். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அக்கருங்கற்களுக்குள் தெரியும் சக்கரம், ஜுராசிக் காலக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற ஓட்டுடலியின் சுருள்.

ஐந்தாவது கரியாதல். அழுத்தமும் வெப்பமும் நீரையும் ஆவியாகும் பொருள்களையும் வெளியேற்ற, கார்பன் மட்டும் மெல்லிய படலமாக எஞ்சுகிறது. பெரணி இலைப் படிவங்கள் பெரும்பாலும் இவ்வகை. 1909இல் சார்லஸ் வால்காட் கனடாவில் கண்டறிந்த பர்ஜெஸ் ஷேல் பாறைகளில், சுமார் 50.8 கோடி ஆண்டுப் பழமையான மென்னுடல் உயிர்களும் இத்தகைய படலங்களாகவே கிடைத்தன.

மூலப்பொருள் பெரிதும் மாறாமல் தங்கும் வழிகளும் உண்டு. மரப்பிசின் இறுகி அம்பராகும்போது அதில் சிக்கிய பூச்சி அப்படியே நிற்கிறது. சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமையான மியான்மர் அம்பர் ஒன்றில் இறகுகளோடு கூடிய டைனோசர் வால் துண்டு 2016இல் அறிவிக்கப்பட்டது. சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் 2007இல் கிடைத்த மாமத் குட்டி, ஏறத்தாழ 42,000 ஆண்டுகள் உறைநிலத்தில் தோலோடும் உள்ளுறுப்புகளோடும் இருந்தது. கல்லான எலும்பு என்றால் உள்ளே எல்லாமே கல் என்ற எண்ணத்தையும் மேரி ஷ்வைட்சர் குழுவின் 2005ஆம் ஆண்டு ஆய்வு கேள்விக்கு உள்ளாக்கியது. சுமார் 6.8 கோடி ஆண்டுப் பழமையான டைரனோசாரஸ் தொடை எலும்பிலிருந்து கனிமத்தை நீக்கியபோது, வளையக்கூடிய, இரத்தக் குழாயை ஒத்த அமைப்புகள் எஞ்சின. அவற்றின் தன்மை பற்றிய விவாதம் அன்றே தொடங்கியது.

இந்த எல்லா வழிகளையும் ஒரு சொல்லுக்குள் அடக்குவது, அவற்றின் விளைவு ஒன்றாக இருப்பதால்தான்: ஒரு காலத்தில் உயிர் இருந்தது என்பதற்கான சான்று அழியாமல் நிற்கிறது.

மரம் கல்லாவதும் கரியாவதும்

மரம் எந்த வழியில் செல்லும் என்பதைச் சூழலே தீர்மானிக்கிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு தமிழ்நாட்டின் கடலூர் மணற்கல் பரப்பில் உள்ளது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் உள்ள கல்மரங்களைப் பிரெஞ்சு இயற்கையியலர் பியேர் சோனெரா 18ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டிருக்கிறார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைப் பாதுகாப்புக்கு உட்படுத்தியது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை உடையவை எனக் கணிக்கப்படும் அந்த மரங்கள் வேரும் கிளையும் இலையும் இன்றிக் கிடைநிலையில் கிடக்கின்றன. அவை நின்ற இடத்தில் கல்லாகவில்லை. வெள்ளம் அடித்துவந்த இடத்தில் மணலுக்குள் புதைந்தவை. மணல் வழியே சிலிக்கா கரைந்த நீர் ஓடிக்கொண்டிருந்ததால் வளையங்களும் கணுக்களும் தெளிவாகத் தெரியும்படி கல்லாயின. வெட்டி மெருகிட்ட மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, மா, புளி முதலியவற்றின் குடும்பங்களோடு இவற்றை ஒப்பிட முடிந்திருக்கிறது.

தெற்கே நெய்வேலியில், அதே மணற்கல் பரப்பின் அடியில், பழுப்பு நிலக்கரிப் படுகை இருக்கிறது. அதுவும் மரமும் செடியுமே. ஆனால் அவை நீர் தேங்கிய சதுப்பில் விழுந்தவை. ஆக்சிஜன் இன்மையால் மட்குதல் பாதியில் நின்றது. மேலே படிந்த வண்டலின் அழுத்தம் எஞ்சியதைக் கரியாக்கியது. இன்றும் தோண்டி எடுக்கும் நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழ பாதி நீர்தான். சில துண்டுகளில் மரத்தின் நார்கூடத் தெரியும். திருவக்கரை மரத்தில் உருவம் மிஞ்சியது, கார்பன் போயிற்று. நெய்வேலி மரத்தில் கார்பன் மிஞ்சியது, உருவம் பெரும்பாலும் போயிற்று. இரண்டையும் புதைபடிவமாதல் என்றே சொல்கிறோம்.

இவற்றினும் பழமையானது பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள, ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம். 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். பூக்கும் தாவரங்கள் நிலத்தை ஆட்கொள்ளும் முன் தழைத்திருந்த ஊசியிலை மர வகையைச் சேர்ந்த இது, கிரெட்டேசியஸ் காலக் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு அதன் அடிமண்ணில் புதைந்தது. அக்கடல் அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில் விட்டுச்சென்ற பாறைகளில் அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் நிறைந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இவற்றை விரிவாக விவரித்து நூல் தொகுதிகளாக எழுதினார். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் மிகுதி. அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளின் மூலப்பொருளில் இத்தகைய ஓடுகளுக்கும் பங்கு உண்டு.

படிவமான பின்னும் அழிவு

புதைபடிவமானது அழியாது என்ற எண்ணம் தவறு. பாறையைப் பாதிக்கும் அரிப்பு, கரைசல், வெப்பம், அழுத்தம் யாவும் படிவத்தையும் பாதிக்கும். மண் அரிக்கப்பட்டு வெளியே தெரியும் நாளிலிருந்தே படிவத்தின் அழிவும் தொடங்கிவிடுகிறது.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸ் இதற்குச் சான்று. யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1987இல் பெயரிட்ட இந்தப் பேருருவ டைனோசரின் எலும்புகள் சிதைந்துபோயின. அவை ஆய்வகம் சேரும் முன்பே உதிர்ந்துவிட்டதாக 2017இல் வெளிவந்த கட்டுரை தெரிவித்தது. எலும்பே கையில் இல்லாத நிலையில், அது கல்மரமாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. களத்தில் எடுத்த பழைய படங்கள் 2022இல் வெளியானபின், எலும்பு என்ற தரப்பு வலுப்பெற்றது.

படிவம்போல் தோன்றிப் படிவம் அல்லாதவையும் உண்டு. பாறை வெடிப்பில் மாங்கனீசு ஆக்சைடு கிளைவிட்டுப் படர்ந்தால், பெரணி இலையின் பதிவு என்றே கண் நம்பும். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் டைனோசர் முட்டைகள் என்று பரவிய செய்தியும் இத்தகையதே. அவை கடற்படிவுகளில் அம்மோனைட்டுகளைச் சுற்றி உருண்டு திரண்ட கற்கள் என்று புவியியலர் விளக்கினர். உருவ ஒற்றுமை மட்டும் போதாது, உள்ளமைப்பும் கிடைத்த பாறையும் ஒத்துவரவேண்டும் என்பதே ஹூக் காலம் தொட்டு இன்றுவரை உள்ள சோதனை.

உருவக வழக்குகள்

பாறைக்கு வெளியே இச்சொல் மூன்று துறைகளில் குறிப்பிடத்தக்க வகையில் வழங்குகிறது.

உயிரியலில் ‘வாழும் புதைபடிவம்’ என்ற தொடரை டார்வின் 1859இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் கையாண்டார். 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் சீலகாந்த் மீன் உயிரோடு பிடிபட்டபோது அத்தொடர் உலகெங்கும் பரவியது. அம்மீன் குழுவின் படிவங்கள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு இப்பால் கிடைக்காததால் அது அழிந்ததாகவே கருதப்பட்டது. ஆயினும் இன்றைய சீலகாந்த், படிவத்தில் கிடைத்த பழைய இனங்களுள் ஒன்று அல்ல. அதன் மரபணுத் தொகுதியிலும் மாற்றங்கள் நடந்துகொண்டே இருந்தன. புறத்தோற்றம் ஏறக்குறைய நிலைத்தது என்பதற்கு மேல் இத்தொடர் எதையும் உறுதி செய்வதில்லை. அதனாலேயே உயிரியலர் பலர் இதைத் தவிர்க்கின்றனர்.

மொழி கற்றலில், லாரி செலிங்கர் 1972இல் இச்சொல்லைக் கலைச்சொல்லாக்கினார். இரண்டாம் மொழி கற்பவரிடம் சில பிழைகள் எவ்வளவு பயிற்சிக்குப் பின்னும் நீங்காமல் நிலைத்துவிடுவதை அவர் படிவமாதல் என்றார். வளர்ச்சி நின்றுவிட்டது என்பதே இங்கு பொருள். பொருள் மாறி வடிவம் தங்கும் அறிவியல் கருத்து இதில் இல்லை.

மொழி வரலாற்றில் இச்சொல் இன்னும் பொருத்தமாக அமைகிறது. சங்கத் தமிழில் ‘எந்தை’ என் தந்தை, ‘நுந்தை’ உன் தந்தை, ‘தந்தை’ அவன் தந்தை. அவ்வாறே யாய், ஞாய், தாய். முன்னொட்டாக நின்ற இடப்பெயர் யாருடைய உறவு என்பதைக் காட்டியது. இன்று ‘தந்தை’, ‘தாய்’ என்பவை மட்டும் பொதுச்சொற்களாக எஞ்சியுள்ளன. ‘என் தந்தை’ என்று சொல்பவருக்கு அதற்குள் ‘தன்’ என்ற சொல் இருப்பது தெரியாது. எழுத்து வடிவம் தங்கிவிட்டது. முன்னொட்டின் பொருள் கரைந்து, அவ்விடத்தில் பொதுப்பொருள் நிரம்பியது. வியங்கோள் வினையும் இப்படியே. வாழ்த்துக்கும் வேண்டுதலுக்கும் எல்லா வினைகளோடும் வந்த ‘க’ ஈறு, பேச்சில் ‘வாழ்க’, ‘ஒழிக’, ‘வருக’ போன்ற சில முழக்கங்களிலும் வரவேற்பு வாசகங்களிலும் மட்டும் நிற்கிறது. ‘நன்றாக இருக்கட்டும்’ என்று சொல்பவர் ‘நன்றாக இருக்க’ என்பதில்லை.

அன்றாட வழக்கில், காலத்துக்கு ஒவ்வாத கருத்தையோ மனிதரையோ புதைபடிவம் என்பதுண்டு. தமிழில் அந்த இடத்தைப் ‘பழம்பஞ்சாங்கம்’ என்ற சொல் முன்பே பிடித்திருக்கிறது. அது பொருத்தமும்கூட, ஏனெனில் அங்கே குறிப்பது பயன் தீர்ந்த பழமையை. பழமை மட்டுமே ஒன்றைப் புதைபடிவமாக்குவதில்லை. ஒரு வழக்கமோ சட்டமோ சொல்லோ தனக்கு உயிர் தந்த சூழல் மறைந்தபின்னும் வடிவம் குலையாமல் நின்று, உள்ளீடு மட்டும் வேறாகியிருந்தால், அதைப் படிவமாயிற்று என்பது பாறையியல் பொருளோடு இசையும். சூழலும் உள்ளீடும் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் பழைய ஒன்றுக்கு இச்சொல் பொருந்தாது. அதற்கு மரபு என்ற பெயரே போதும்.